சீஆர் கொப்பி

மண்டூர்த் துறையில் பாதை வந்து முட்டும் சத்தம்
என் கடைக்குள் கேட்கும்.
சரியாக மூன்று நிமிடம்.
பிறகு யாராவது ஒரு பொலித்தீன் பையோடு
வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள்.
கழற்ற வேண்டாம் என்று எழுதியே ஒட்டியிருக்கிறேன்.
பைக்குள் அடையாள அட்டை, கரண்ட் பில்,
வெள்ளத்தில் நனைந்து வெயிலில் காய்ந்த பிறப்புப் பத்திரம்.

"எல்லாம் ஒன்லைனாம் மனே.
விதானையார் உன்னட்டப் போகச் சொன்னவர்."

ஒரு படிவம் நூறு ரூபா.
அச்செடுத்தால் இருபது கூட.
கடன் சொன்னவர்கள்
சீஆர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.
முன்பக்கங்களில் வேறு:
இருநூற்றுப் பதினெட்டு வீடுகளின் கடவுச்சொற்கள்.
நானே வைத்தவை, நானே எழுதியவை.

பத்தக்குட்டிக்கு அவர் மாட்டுக்குச் சுட்ட குறியெழுத்து,
அதன் பின்னால் ஒரு நட்சத்திரம். அது கட்டாயமாம்.
ஒரு பெரிய எழுத்தாவது வேண்டும் என்றது திரை.
"தமிழில பெரிய எழுத்து எது தம்பி?"
எனக்குப் பதில் தெரியவில்லை.

பாதுகாப்புக் கேள்வி:
நீங்கள் முதலில் படித்த பாடசாலை?
"போகல்ல எண்டு எழுது."
எழுதினேன்.
மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

அழகேஸ்வரியின் ஆறு இலக்கம்
கட்டாரில் இருக்கும் மகனின் போனுக்குப் போகிறது.
அவன் வேலை முடிந்து சட்டையைக் கழற்றிப் பார்க்கையில்
இலக்கம் செத்து ஏழு மணி நேரம்.
கதிராமப்போடி மாசியில் மோசம் போனார்.
அவர் கணக்கு மட்டும்
இன்னும் என்னை உள்ளே விடுகிறது.

செவ்வாய்க்கிழமை நேசம்மா வந்தாள்.
இறால் உரிக்கிற இடத்திலிருந்து நேராக,
விரல்நுனி வெளுத்து ஊறிப்போய்.
பேரை அடித்தேன், இலக்கத்தை அடித்தேன்.
கடவுச்சொல் என்று கேட்டதும்
கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டாள்.
"இது நான் அடிக்கிறன்.
நீ கொஞ்சம் அங்கால கிறுகு."

இங்கிலீஷ் எழுத்துத் தெரியுமா என்றேன்.
"இறால் பெட்டியில ஒட்டுற லேபல்
எட்டு வருசமாப் பாக்கிறன்."

கிறுகினேன்.
சுவரில் போன வருடத்துக் கலண்டர்.
டொக்.
நீண்ட நேரம்.
டொக்.
நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழைக என்றது திரை.
மறுகா, இரண்டு தரம் அடித்ததும்
ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றது.
வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.
ஒரு பாதை போனது. அடுத்ததும் போனது.
அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு
முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.

பச்சையாக ஒரு சரி விழுந்தபோது
நான் கொப்பியைத் திறந்தேன், பழக்கதோசம்.
பேர், அடையாள அட்டை எண்,
அடுத்த கட்டம் வெற்று.
"மறந்துபோனா?"
"மறந்தா என்ர பாடு."
நூறு ரூபாவைத் தாளாகவே வைத்துவிட்டுப் போனாள்.

சொல்ல வெட்கம்தான்.
அன்றிரவு கடைக்கதவைச் சாத்திவிட்டு
அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
மகளின் பேர். பிழை.
வெள்ளம் வந்த வருடத்தோடு மகளின் பேர். பிழை.
கோயில் முருகனையும் கூப்பிட்டுப் பார்த்தேன், பிழை.
இன்னுமொரு தரம் பிழைத்தால்
கணக்குப் பூட்டப்படும் என்று எச்சரித்தது.
பூட்டினால் நாளைக்கு
மறுபடி நூறு ரூபாவோடு அவள்தான் நிற்க வேண்டும்.
கையை எடுத்துவிட்டேன்.

இருநூற்றுப் பதினெட்டு வீட்டுக்குள்ளும்
கதவு தட்டாமல் போய்வருகிறவன்.
ஒரு வீட்டு வாசலில் நின்றது
ஏனோ நிம்மதியாக இருந்தது.

ஆனாலும் விடவில்லை புத்தி.
விசைப்பலகையைத் தூக்கி மோந்து பார்த்தேன்,
எந்த எழுத்தில் அவள் விரல் நின்றதென்று.

எல்லா எழுத்திலும் இறால் மணம்.